ஷகால் ஜன்னல்களில் மனித உருவமே இல்லையாம்! அப்படியானால் யூதா ஜன்னலில் இருப்பது யார் கை?

கோணல்பார்வை:
ஓவியப் பகுதியில் நம் மெழுகுவர்த்தி ஒரு பதிவு போட்டிருக்கிறார். எருசலேமில் ஹடாசா மருத்துவமனையின் யூத ஜெப ஆலயத்துக்கு ஓவியர் மார்க் ஷகால் செய்துகொடுத்த 12 வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் பற்றியது. இஸ்ரவேலின் 12 கோத்திரங்களுக்கும் ஆளுக்கொரு ஜன்னல். படங்கள் அருமை, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: "யூத மரபுக்குக் கட்டுப்பட்ட ஷகால், மனித உருவத்தின் சாயலைக்கூட இந்த ஜன்னல்களில் விடவில்லை." வழிபாட்டு இடத்தில் உருவம் கூடாது என்ற மரபாம். அதே பதிவில் அவரே போட்டிருக்கும் யூதா கோத்திரத்து ஜன்னலைப் பெரிதாக்கிப் பாருங்கள். முழுக்கத் திராட்சை ரசச் சிவப்பு. கீழ்ப்பகுதியில் சிங்கம். மேலே ஒரு கிரீடம், அதில் எபிரேய எழுத்தில் யூதாவின் பெயர். அந்தக் கிரீடத்தைத் தாங்கி இரண்டு கைகள். குரங்கின் கையா அது? எழுதுவதற்கு முன் தான் போட்ட படத்தைத் தானே ஒருமுறை பார்க்க வேண்டாமா?

மெழுகுவர்த்தி:
என் பதிவுக்குக் கீழேயே கேட்டிருக்கலாம் ஐயா. தனி இழை திறந்து ஊரைக் கூட்டுவது உங்களுக்குப் பழக்கம்தான், தெரியும். 12 ஜன்னலிலும் ஒரு முகம் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோத்திரங்களின் தகப்பன் யாக்கோபு சாகும்முன் தன் 12 பிள்ளைகளுக்குச் சொன்ன ஆசி வேதாகமத்தில் ஆதியாகமம் 49இல் இருக்கிறது. மோசே சொன்ன ஆசி உபாகமம் 33இல். ஷகால் அந்த இரண்டையும் வைத்துத்தான் வரைந்தார். ஆள்களுக்குப் பதிலாக மிருகங்கள் நிற்கின்றன. நப்தலி என்றால் மான், இசக்கார் என்றால் கழுதை, தாண் என்றால் பாம்பு, பென்யமீன் என்றால் ஓநாய்.

கோணல்பார்வை:
முகம் வேண்டும் என்று நான் எங்கே கேட்டேன்? கை. கையைப் பற்றிச் சொல்லுங்கள்.

சும்மா_எட்டிப்பார்த்தவன்:
உருவம் என்றால் முழு உடம்பா, ஒரு அங்கம் போதுமா என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையுமே?

பாளையங்கோட்டையான்:
இதில் சண்டை போட என்ன இருக்கிறது? அது ஆசாரியர், அதாவது யூதப் பூசாரிகள், ஆசி கூறும் கை. இரண்டு கைகளையும் உயர்த்தி, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே இடைவெளி விட்டு ஜனங்களை ஆசீர்வதிப்பார்கள். அந்த ஆசாரியர்களான ஆரோன் வம்சத்தார் கல்லறைகளில் அந்த இரண்டு கைகளை மட்டும் செதுக்கியிருப்பார்கள். அது ஒரு சின்னம். நட்சத்திரமும் குத்துவிளக்கும் எப்படியோ அப்படி. வேதம் கொஞ்சம் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கோணல்பார்வை:
வேதம் படித்தவரே, ஆரோன் எந்தக் கோத்திரம்? லேவி. லேவிக்கு அதே கூடத்தில் மஞ்சள் ஜன்னல் ஒன்று தனியாக இருக்கிறது, கற்பலகையோடு. லேவி வீட்டுக் கைக்கு யூதா வீட்டில் என்ன வேலை? நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். ஆதியாகமம் 49, எட்டாம் வசனம். யூதாவைப் பார்த்து யாக்கோபு சொல்கிறார்: உன் கரம் உன் சத்துருக்களுடைய பிடரியின்மேல் இருக்கும். உபாகமத்தில் மோசே யூதாவுக்குக் கேட்பதும் அவன் கைக்குப் பலத்தைத்தான். கை, கை, கை. ஆகவே அது யூதாவின் கை. யூதா மனிதன்.

பாளையங்கோட்டையான்:
பிடரியில் இருக்க வேண்டிய கை கிரீடத்தை ஏன் தாங்குகிறது?

கோணல்பார்வை:
அதை ஷகாலிடம் கேளுங்கள்.

பட்டறைவாசி:
நான் கண்ணாடி வேலை செய்கிறவன், இதில் புகுந்து ஒன்று சொல்கிறேன். பழைய முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துண்டு வெட்டி, ஈயப் பட்டையால் இணைப்பார்கள். நிறம் மாறும் இடமெல்லாம் கறுப்புக் கோடு விழும். ரெய்ம்ஸ் நகரத்துப் பட்டறையில் ஷகாலோடு வேலை செய்த கண்ணாடிக் கலைஞர் ஷார்ல் மார்க் இந்த ஜன்னல்களுக்காக ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே துண்டில் மூன்று நிறம் வரை கொண்டுவரலாம். ஷகால் தூரிகை பிடித்து அதன்மேல் வரைந்தார். ஈயக் கோடு அவருக்கு வேலியாக இல்லாமல் வெறும் கோடாக ஆனது அதனால்தான். ஒவ்வொன்றும் சுமார் 11 அடி உயரம், 8 அடி அகலம். அதில் நிறம் இப்படி வழிந்து ஓடுகிறது என்றால் சும்மாவா! நீங்கள் இரண்டு கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

கோணல்பார்வை:
அருமையான தகவல் அண்ணே. அந்த மூன்று நிறத்தில் ஒன்றால்தானே கையை வரைந்தார்?

மெழுகுவர்த்தி:
கடவுளே. சரி, கைக்கே வருகிறேன். வட இஸ்ரேலில் பெத் அல்பா என்ற இடத்தில் 6ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயத்தின் மொசைக் தரை இருக்கிறது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியில் மேலிருந்து ஒரு கை நீள்கிறது. அது கடவுளின் கை. முகம் காட்டாமல் கையை மட்டும் காட்டுவது அவர்களிடம் அவ்வளவு பழைய வழக்கம். ஷகால் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கோணல்பார்வை:
மாட்டிக்கொண்டீர்கள்! அதே தரையில் ஆபிரகாம் முழு உடம்போடு கத்தி பிடித்து நிற்கிறார். ஈசாக்கு இருக்கிறான், வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், நடுவில் ராசிச் சக்கரம், அதற்குள் சூரியன் தேரில் வருகிறான். சிரியாவின் துரா யூரோப்பஸ் ஜெப ஆலயத்தில் 3ஆம் நூற்றாண்டிலேயே சுவர் முழுக்க மோசேயும் எஸ்தரும் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். எங்கே ஐயா உங்கள் மரபு? எது கட்டுப்பட்டது, எதற்குக் கட்டுப்பட்டது?

பாளையங்கோட்டையான்:
அதெல்லாம் ஒரு காலம், ஒரு இடம். 12ஆம் நூற்றாண்டு ஜெர்மனிக்கு வாருங்கள். கொலோன் நகர ஜெப ஆலயத்தில் இதே போல வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். அதில் சிங்கமும் பாம்பும் இருந்தன என்பதற்காக மைன்ஸ் நகரத்து ரபி, அதாவது யூத மதகுரு, எலியாக்கிம் அவற்றைக் கழற்றச் சொன்னார். மனிதன்கூட இல்லை, சிங்கமும் பாம்பும்! அப்படிப் பார்த்தால் ஷகாலிடம் கேட்க வேண்டியது யூதாவின் சிங்கத்தையும் தாணின் பாம்பையும் பற்றி. கையை எந்த ரபியும் கழற்றச் சொன்னதாகத் தெரியவில்லை.

கோணல்பார்வை:
சிங்கத்துக்கு இருப்பது பாதம். நான் கேட்பது உள்ளங்கை.

சும்மா_எட்டிப்பார்த்தவன்:
கொலோன் விஷயம் பிரமாதம். அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்?

கோணல்பார்வை:
திசை திருப்பாதீர்கள்.

தபால்தலை_ரசிகன்:
1973இல் இஸ்ரேல் இந்த 12 ஜன்னல்களையும் 12 தபால்தலைகளாக வெளியிட்டது. முழுத் தொகுப்பும் என்னிடம் இருக்கிறது. இப்போதுதான் யூதா தபால்தலையை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அது கையாகத் தெரியவில்லை. தீச்சுவாலை மாதிரி இருக்கிறது.

கோணல்பார்வை:
11 அடி ஜன்னலை விரல்நகத்தளவு தாளில் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார்! போன மாதம் கோதிக் தேவாலய இழையிலும் இவர் இப்படித்தான் ஒரு தபால்தலையோடு வந்து நின்றார்.

தபால்தலை_ரசிகன்:
போன மாதம் சார்த்ர் தேவாலயமும் பாரிஸ் நோத்ர தாமும் ஒன்று என்று எழுதியவர் நீங்கள். அதை இன்னும் திருத்தவில்லை. அந்த இழையில் என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கோணல்பார்வை:
அதற்கு இது இடமில்லை. கைக்குப் பதில் சொல்லுங்கள்.

மெழுகுவர்த்தி:
ஷகால் யூதராக இருந்தும் தேவாலயங்களுக்கும் ஜன்னல் செய்தார். இங்கிலாந்தில் டூட்லி, சுவிட்சர்லாந்தில் சூரிச், பிரான்சில் ரெய்ம்ஸ். அங்கெல்லாம் இயேசு இருக்கிறார், மற்ற ஆள்களும் தாராளமாக இருக்கிறார்கள். வரையத் தெரியாமல் விட்டவர் இல்லை. எருசலேமில் மட்டும் முகமில்லை, உடம்பில்லை. வேண்டுமென்றேதான் விட்டார். நான் எழுதியது அதைத்தான், அதில் ஓர் எழுத்தையும் மாற்றப்போவதில்லை.

கோணல்பார்வை:
வேண்டுமென்றே எல்லாவற்றையும் விட்டவர் கையை மட்டும் ஏன் விடவில்லை? பதில் இல்லை, பார்த்தீர்களா?

வெளிச்சம்பிரியன்:
ஒரு யூதர், சிலுவை மாட்டிய இடத்துக்குப் போய் ஜன்னல் செய்ததே சரியா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் பேச மாட்டீர்கள்.

பாளையங்கோட்டையான்:
அதில் என்ன தவறு? கலைஞனுக்கு வேலை கொடுத்தார்கள், செய்தார்.

வெளிச்சம்பிரியன்:
உங்களுக்குத் தவறாகத் தெரியாது, ஏனென்றால் உங்கள் பக்கத்துக்கு லாபம்.

பாளையங்கோட்டையான்:
என் பக்கம் எது என்று உங்களிடம் சொன்னேனா?

பட்டறைவாசி:
இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கூடத்தைப் பற்றிப் பேசுங்களேன். ஒரு பக்கத்துக்கு மூன்றாக நான்கு பக்கமும் ஜன்னல், தலைக்கு மேலே. ஆள் கீழே நிற்க வேண்டும். இவ்வளவு பெரிய வேலைக்கு அவ்வளவு சின்னக் கூடம். 1961இல் முதலில் பாரிஸிலும் பிறகு நியூயார்க்கிலும் காட்சிக்கு வைத்தார்கள். 1962 பிப்ரவரியில்தான் எருசலேமில் திறந்தார்கள். காட்சியில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடைசியில் கொண்டுபோய் இடுக்கில் மாட்டிவிட்டார்கள்.

மெழுகுவர்த்தி:
இடுக்கா? ஒரு விளக்குக் கூண்டுக்குள் நிற்பது போல இருக்கும். நோயாளிகளும் வந்து உட்காரும் இடம் அது, கண்காட்சி மண்டபம் இல்லை.

பட்டறைவாசி:
என் வேலையை எனக்கே சொல்லித்தர வேண்டாம். தூரம் இல்லாவிட்டால் கண்ணாடி எடுபடாது.

தபால்தலை_ரசிகன்:
1967 அரபு-இஸ்ரேல் போரில் நான்கு ஜன்னல்கள் சேதமாயின. ஷகால் சரிசெய்துகொடுத்தார். பச்சை ஜன்னலில் குண்டுத் துளையை மட்டும் நினைவுக்காக அப்படியே விட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி மெழுகுவர்த்தியின் பதிவில் ஒரு வரிகூட இல்லை.

மெழுகுவர்த்தி:
பதிவு குறியீடுகளைப் பற்றியது, போரைப் பற்றியது இல்லை.

வெளிச்சம்பிரியன்:
துளை குறியீடு இல்லையா?

கோணல்பார்வை:
துளைக்கு வேறு இழை திறங்கள். இத்தனை பேர் வந்தீர்கள். ஈயம் வந்தது, ரபி வந்தார், தபால்தலை வந்தது, குண்டும் வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை. ஒருவர் ஆசாரியர் கை என்கிறார், ஒருவர் கடவுள் கை என்கிறார், ஒருவர் தீச்சுவாலை என்கிறார். மூன்று பேரும் முதலில் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்.

பாளையங்கோட்டையான்:
உங்களிடம் வர நீங்கள் யார்?

தபால்தலை_ரசிகன்:
யூதா தலையை ஸ்கேன் எடுத்துப் போடுகிறேன். பெரிய அளவில். அதோடு சார்த்ர் தலையும் சேர்த்து.

கோணல்பார்வை:
சார்த்ர் தலை எதற்கு?

தபால்தலை_ரசிகன்:
உங்களுக்காகத்தான்.