லேப்ராஸ்கோபி போட்ட இடத்துல திரும்பத் திரும்ப சீழ்: இன்னொரு ஊசியா, இன்னொரு டெஸ்டா?

குடியாத்தம்_பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு தை மாசம் பித்தப்பை கல்லுக்கு லேப்ராஸ்கோபி (சின்ன ஓட்டை போட்டு பண்ற ஆபரேஷன்) பண்ணாங்க, எந்த ஆஸ்பத்திரின்னு இங்க வேணாம். அம்மாவுக்கு சுகர் இருக்கு. தையல் எல்லாம் அழகா ஆறிடுச்சு, அடுப்படி வேலை கூட ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு மாசம் தாண்டின பிறகு தொப்புள் ஓரத்துல கெட்டியா ஒரு கட்டி வந்து, உடைஞ்சு, தண்ணியா சீழ் வடிய ஆரம்பிச்சது. மூடிக்கும், கொஞ்ச நாள் நல்லாருக்கும், அப்புறம் பக்கத்துல இன்னொரு ஓட்டை. ஜுரம் இல்ல. ஆக்மென்டின் குடுத்தாங்க, செஃபிக்சிம் குடுத்தாங்க, லினிசோலிட் குடுத்தாங்க, எதுக்கும் அடங்கல. சீழ் கல்ச்சர் எடுத்தா ரெண்டு நாள்ல கிருமி வளரலன்னு ரிப்போர்ட். இப்ப டாக்டர் வேற ஊசி போட்டுப் பாக்கலாம்ங்கறார். அத்தை பத்தியம் இருக்காததால வந்ததுன்னு சண்டை போடறாங்க. புண்ணு புடவை சொருகற இடத்துலயே இருக்கு, இந்த சித்திரை வெயில்ல வேர்வைக்கு பிளாஸ்திரி நிக்கவே மாட்டேங்குது. அம்மா சாப்பாட்டையே பாதியா குறைச்சுட்டாங்க. என்ன பண்றது?

ஆற்காடு_மக்கன்பேடா
இன்னாமா, அத்தை சொல்றதுல இன்னா தப்பு கீது? புண்ணு இருக்கறப்ப கத்திரிக்கா, கருவாடு, மாங்கா, புளி எல்லாம் சேத்துகினு இருந்தா எப்படி ஆறும்? எங்க நைனாவுக்கு கால்ல புண்ணு வந்தப்ப வெறும் ரசம் சாதம் தான், மேலுக்கு மத்தன் தைலம், ஆறிப்போச்சு. இங்கிலீஷ் மருந்து மேல மருந்து போட்டு வயித்த கெடுத்துக்காதீங்க.

லேப்_அக்கா
அண்ணா, உங்க நைனாவுக்கு ஆறினது சந்தோஷம், ஆனா அது கால்ல தோல் மேல இருந்த புண்ணு. இது வயித்து சுவத்துக்குள்ள போற குழி. மத்தன் தைலத்துல ஊமத்தை இலை சாறும் மயில்துத்தமும் இருக்கு, அதை சித்த மருத்துவர் பாக்காம உள்ள போற ஓட்டைல ஊத்தறது சரியில்ல.

பாப்பா, நான் டாக்டர் இல்ல, மைக்ரோபயாலஜி லேப்ல வேலை பாக்கறேன். நீ சொல்றதுல மூணு விஷயம் எனக்கு உறுத்துது. முதல்ல ஆறிட்டு ஒரு மாசம் கழிச்சு வந்தது, வழக்கமான மருந்து எதுக்கும் கேக்காதது, சாதாரண கல்ச்சர்ல ஒண்ணும் வளராதது. சாதாரண சீழ் கிருமி பெரும்பாலும் ஆபரேஷன் ஆன முதல் ரெண்டு வாரத்துலயே காட்டிக்கும். இந்த மாதிரி லேட்டா வந்தா, டிபி கிருமியோட சொந்தக்காரங்க சில பேர் இருக்காங்க, மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம், கெலோனே, அப்சஸஸ்னு, அதை நினைக்கணும். இதெல்லாம் தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கறது. லேப்ராஸ்கோபி கருவியை சரியா பிரிச்சு கழுவாம குளூட்டரால்டிஹைட்ங்கற கிருமிநாசினில போட்டு எடுத்து கடைசில குழாய் தண்ணில அலசினா அது வழியா உள்ள போகும். நாங்க சாதாரண கல்ச்சர் தட்டை ரெண்டு நாள்ல பாத்துட்டு ஓரம் வச்சுடுவோம், இந்த கிருமி தலை தூக்கவே மூணு நாள்லருந்து ஒரு வாரம் ஆகும். அதனால வளரலன்னு வந்த ரிப்போர்ட்டை நம்பி கிருமியே இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது. ஏஎஃப்பி ஸ்மியர் (சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல டிபி வகை கிருமியைத் தேடறது), மைக்கோபாக்டீரியா கல்ச்சர்னு டாக்டர் தனியா எழுதிக் குடுக்கணும், எழுதலன்னா லேப்ல யாரும் தானா பண்ண மாட்டாங்க.

காட்பாடி_ஜங்ஷன்
அக்கா சொல்றது புஸ்தகத்துக்கு சரி, நடைமுறைக்கு? என் மச்சானுக்கு குடல் இறக்கத்துக்கு மெஷ்னு ஒரு வலை வச்சு இதே கதை. டெஸ்ட் டெஸ்ட்னு அலைஞ்சு, ரிப்போர்ட் வர வாரக்கணக்கு ஆச்சு, வந்ததும் நெகட்டிவ், அதுக்குள்ள ஆள் பாதி ஆயிட்டான். கடைசில ஒரு டாக்டர் புண்ணைப் பாத்தே இது அதுதான்னு சொல்லி கிளாரித்ரோமைசின் ஆரம்பிச்சார், கேட்டுது. அதனால எனக்கு தோணறது, சந்தேகம் வந்துட்டா மருந்த ஆரம்பிச்சுடணும், ரிப்போர்ட் வரும்போது வரட்டும். நோயாளி வலில கெடக்கறப்ப கிருமியோட ஜாதகம் பாத்துட்டு இருக்க முடியாது.

லேப்_அக்கா
ஆரம்பிக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லயே தம்பி. சாம்பிளை எடுத்துட்டு ஆரம்பிங்கன்றேன். மருந்து உள்ள போனப்புறம் எடுத்தா கிருமி வளராம நெகட்டிவ் வர வாய்ப்பு ஜாஸ்தி, உங்க மச்சானுக்கு அப்படி கூட நடந்திருக்கலாம். பேர் தெரியாம விட்டா இன்னொரு ஆபத்து இருக்கு. அப்சஸஸ்க்கு கிளாரித்ரோமைசின் பல சமயம் முதல்ல கேக்கற மாதிரி காட்டிட்டு அப்புறம் கேக்காது. ஃபார்ச்சுயிட்டம்னா சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரைக்கு நிறைய தடவை கேக்கும். மாசக்கணக்குல சாப்பிடப் போற மருந்த எப்படி குத்துமதிப்பா குடுக்கறது?

பேர்ணாம்பட்டு_பாய்
இன்னொரு கூத்து சொல்றேன். எங்க தோல் ஷாப்ல கூட வேலை செஞ்சவருக்கு ஸ்மியர்ல ஏஎஃப்பி பாசிட்டிவ்னு வந்ததும் டிபி மருந்து ஆரம்பிச்சுட்டாங்க, மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போனது தான் மிச்சம், சீழ் நிக்கல. அப்புறம் தான் டிபி இல்ல, அக்கா சொல்ற அந்த சொந்தக்காரன்னு தெரிஞ்சது.

லேப்_அக்கா
ஆமா பாய், ஸ்மியர்ல ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும். வழக்கமான டிபி மருந்து பெரும்பாலும் இந்த கிருமிகளுக்கு வேலை செய்யாது. சிபிநாட் டெஸ்ட் டிபியை மட்டும் தான் புடிக்கும், அதனால ஸ்மியர் பாசிட்டிவ், சிபிநாட் நெகட்டிவ்னு வந்தா சொந்தக்காரன் மேல சந்தேகம் பலமாகும். ஆனா நிஜமாவே டிபியும் இந்த எடத்துல வரும், அதனால ரெண்டையும் பாக்கணும். சிபிநாட் கவர்மென்ட்ல காசில்லாம பண்றாங்க.

ஆற்காடு_மக்கன்பேடா
அல்லாரும் கிருமி கிருமின்றீங்க, உடம்புல தெம்பு இல்லன்னா எந்த மருந்தும் நிக்காது, அதுக்கு தான் பத்தியம்.

பாகாயம்_டயட்
தெம்பு வேணும்ங்கறது நூத்துக்கு நூறு கரெக்ட், அதுக்கு தான் பத்தியம் கூடாது! ரசம் சாதத்துல என்னங்க புரோட்டீன் இருக்கு? தசை வளரணும்னா முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் உள்ள போகணும். சுகர்காரங்க வெறும் சாதமா சாப்பிட்டா சுகரும் ஏறும், சுகர் ஏறினா புண்ணும் ஆறாது. 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கும் சீழுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அரிப்பு அலர்ஜி இருக்கறவங்க தவிர்க்கட்டும், மத்தவங்க எண்ணெய் கம்மியா வச்சு தாராளமா சாப்பிடலாம். அம்மா பாதி சாப்பாடு தான் சாப்பிடறாங்கன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அது தான் சீழை விட பெரிய கவலை. எச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகர், எவ்ளோ?

குடியாத்தம்_பொண்ணு
9.1. டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னாடி சொன்னார், அப்புறம் யாரும் கேக்கல.

காட்பாடி_ஜங்ஷன்
பாத்தீங்களா, சுகரை கட்டுப்படுத்தினாலே பாதி சரியாயிடும். எதுக்கு வேலூர் பெரிய ஆஸ்பத்திரி, காந்தி ரோடு லாட்ஜ், வடநாட்டு கூட்டத்தோட காலைல அஞ்சு மணிக்கு க்யூ? ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு தான் உள்ள என்ன பண்ணார்னு தெரியும், அவர் கிட்டயே கண்டின்யூ பண்ணுங்க.

பேர்ணாம்பட்டு_பாய்
பாதி சரியாகும்னு எப்படி சொல்றீங்க தம்பி? சுகரே இல்லாத சின்னப் பசங்களுக்கும் வந்திருக்கு. அந்த டாக்டர் கிட்ட போங்க, நானும் வேணாங்கல, சண்டைக்கு போகாம டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் நோட்டும் காப்பி வாங்குங்க, அது உங்க உரிமை. திசு எடுத்து ஏஎஃப்பி அனுப்புவீங்களான்னு நேரா கேளுங்க. சரின்னா அங்கயே. தேவையில்லன்னு தட்டினா அடுக்கம்பாறை கவர்மென்ட் ஆஸ்பத்திரியோ வேற இடமோ, ஒரு நாள் க்யூல நின்னா ஒண்ணும் குறைஞ்சுடாது.

குடியாத்தம்_பொண்ணு
நன்றி பாய். அக்கா, ஊசின்னா அமிக்காசின் தானாம். காது கேக்காம போகும்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்தறாங்க, நிஜமா? அம்மா கிளிபென்க்ளமைடும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் போடறாங்க.

லேப்_அக்கா
பக்கத்து வீடு சொல்றது முழு பொய் இல்ல. அமிக்காசின் காதையும் கிட்னியையும் பாதிக்கலாம், அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் நடுவுலயும் கிட்னிக்கான ரத்த டெஸ்ட் கிரியேட்டினின் பாக்கணும், காது டெஸ்ட் வேணுமான்னு கேளு. இந்த கிருமிக்கு அதை தனியா குடுக்க மாட்டாங்க, கூட இன்னொரு மருந்து இருக்கும். மாத்திரை சமாச்சாரத்தை கண்டிப்பா டாக்டர்ட்ட சொல்லு. கிளாரித்ரோமைசினோ சிப்ரோவோ கிளிபென்க்ளமைடோட சேந்தா சுகர் திடீர்னு இறங்கும். கொலஸ்ட்ரால் மாத்திரைல சிலது கிளாரித்ரோமைசினோட ஆகாது, தசை வலி வரும். நீயா எதையும் நிறுத்தாத.

காட்பாடி_ஜங்ஷன்
இவ்ளோ பக்க விளைவு இருக்கற மருந்த மாசக்கணக்கா 9.1 சுகர்ல ஒரு அம்மாவுக்கு குடுக்கறதுக்கு, அந்த குழியை மொத்தமா வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுதே?

லேப்_அக்கா
சில பேருக்கு அதுவும் தேவைப்படும், உங்க மச்சான் மாதிரி மெஷ் இருந்தா அது மேல தொட்டி பாசி மாதிரி கிருமி படிஞ்சு மருந்து உள்ள போகாது, எடுக்க வேண்டி வரலாம். ஆனா வெட்டினாலும் மருந்து உண்டு. கிருமி தெரியாம வெட்டினா வெட்டின இடத்துலயே திரும்ப வரும். நீங்க ஒத்துக்க மாட்டீங்க, தெரியும்.

காட்பாடி_ஜங்ஷன்
ஒத்துக்கல. ஆனா வெட்டறப்ப எடுக்கற சதையை அனுப்பறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

பாகாயம்_டயட்
புடவை விஷயம் யாரும் சொல்லலியே. புண்ணு ஆறற வரைக்கும் தளர்வான காட்டன் நைட்டி போதும், வெளிய போகணும்னா மேல துப்பட்டா. டிரெஸ்ஸிங் நனைஞ்சா உடனே மாத்துங்க, கையை சோப்பு போட்டு கழுவிட்டு. மஞ்சத்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு வேணாம். வேர்வை தொடைச்சு காஞ்சப்புறம் பிளாஸ்திரி ஒட்டினா கொஞ்சம் நிக்கும்.

லேப்_அக்கா
ஒண்ணு மறந்துட்டேன் பாப்பா. திசு எடுத்தா ரெண்டு டப்பா. பயாப்சிக்கு போறது ஃபார்மலின்ல, கல்ச்சருக்கு போறது நார்மல் சலைன்ல. ரெண்டையும் ஃபார்மலின்ல போட்டு குடுத்துட்டா கிருமி செத்துடும், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, வாரத்துக்கு ஒண்ணாவது இப்படி வருது. தியேட்டர்ல சிஸ்டர்ட்ட முன்னாடியே சொல்லி வை.