வெள்ளிக் கோளில் இரவு ஏன் குளிர்வதில்லை? கண்காட்சி செய்முறைக்கு உதவி தேவை

திருமங்கலம் டீச்சர்
எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்குக் 'கோள்களின் பகலும் இரவும்' எடுத்திருக்கிறார்கள். புதனில் பகல் 430 டிகிரி, இரவு மைனஸ் 180. வெள்ளியில் இரண்டு பக்கமும் 464 சொச்சம். இத்தனைக்கும் வெள்ளியின் ஓர் இரவு நம் கணக்கில் 58 நாள். "கார்பன் டை ஆக்சைடு போர்வை போல மூடியிருக்கிறது" என்று எழுதி முடித்துவிடலாமா? இரண்டு பாட்டில் எடுத்து, ஒன்றில் ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்து வாயு பிடித்து, பல்பு வெளிச்சத்தில் வைப்பதாகத் திட்டம். சரியாக வருமா?

வைகைக்கரை
போர்வை பாதி விடைதான், டீச்சர். வெள்ளி ஏன் அவ்வளவு சூடு என்பதற்கு அது போதும். இரவும் பகலும் ஏன் ஒரே சூடு என்பதற்கு வரவு செலவு பார்க்கணும்.

ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் நிற்கும் காற்றின் எடை, அழுத்தத்தை ஈர்ப்பால் வகுத்தால் வரும். பூமியில் சுமார் 10 டன். செவ்வாயில் 160 கிலோ. வெள்ளியில் அழுத்தம் நம்மைப் போல் 92 மடங்கு, அதனால் 1,000 டன்னுக்கு மேல். ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1,000 ஜூல் என்று வையுங்கள். வெள்ளி விண்வெளிக்கு விடும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 160 வாட். 58 நாளைக்கும் பெருக்கி வகுத்தால் முழு இரவிலும் ஒரு டிகிரிகூட இறங்காது. புதனில் இரவு 88 நாள், காற்றுச் சரக்கோ பூஜ்யம். செலவு முழுக்கத் தரையின் தலையில்.

வெள்ளியிலேயே 100 கிலோமீட்டருக்கு மேலே போனால் காற்று மெலிசு. அங்கே பகல் நம்ம ஊர் வெயில் அளவு, இரவு மைனஸ் 150 வாக்கில். அதே கோள், அதே வாயு!

மேலூர்க்காரன்
அண்ணே, அதே கணக்கைப் பூமிக்குப் போட்டால் உதைக்குதே. 240 வாட், 12 மணி நேரம், 10 டன் காற்று: ஒரு டிகிரிதான் இறங்கணும். மதுரையில் பங்குனி மாதம் 12 டிகிரி இறங்குது.

வைகைக்கரை
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 10 டன்னும் இரவில் தரைக்குக் கை கொடுப்பதில்லை. தரை முதலில் குளிரும், அதை ஒட்டிய சில நூறு மீட்டர் காற்றும் கூடவே குளிரும். கனத்த குளிர்காற்று அடியிலேயே தங்கிவிடுவதால் மேல்காற்றோடு கலக்காது. தரையின் கதிர்வீச்சு நேரே விண்வெளிக்குத் தப்ப வழி இருப்பதால்தான் இப்படி. ஐப்பசி, கார்த்திகையில் ஈரமும் மேகமும் அந்த வழியை அடைப்பதால் நம்ம ஊரிலேயே வித்தியாசம் குறையுது. வெள்ளியில் வழி முழு அடைப்பு. வெப்பம் வெளியேறுவது 60, 70 கிலோமீட்டர் உயரத்து மேகத்தலையிலிருந்து, தரையிலிருந்து இல்லை. ஆக டீச்சர் சொன்ன போர்வைக்கு இங்கேதான் வேலை. சரக்கும் அடைப்பும், இரண்டையும் சார்ட்டில் எழுதுங்கள்.

இன்னொன்று: செவ்வாயிலும் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுதான். இருந்தும் ஒரே இரவில் 70 டிகிரிக்கு மேல் சரியும். வாயுவின் பெயரை மட்டும் எழுதினால் நடுவர் இதைக் கேட்டு மடக்கிவிடுவார்.

பழங்காநத்தம் லேப்
பாட்டில் செய்முறை வேண்டாம் டீச்சர். அதில் வெப்பநிலை ஏறத்தான் செய்யும், ஆனால் காரணம் வேறு. கனமான வாயு பாட்டிலுக்குள் சுழல்வது குறைவு. ஆர்கான் நிரப்பினாலும் அதேபோல் ஏறும். கண்ணாடியே அகச்சிவப்பை மறித்துவிடும் என்பது அடுத்த கோளாறு.

பதிலாக, 10 செ.மீ. ஆழமுள்ள ஒரே அளவு டப்பா இரண்டு எடுங்கள்: மணல் டப்பா காற்றில்லாத புதனுக்கு, தண்ணீர் டப்பா வெள்ளிக்கு. ஒன்றில் மாவுச் சல்லடையில் சலித்து, வாணலியில் வறுத்து, ஆறவைத்த மணல். ஈரம் இருந்தால் செய்முறை கெட்டது. மற்றதில் தண்ணீர், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டியால் கலக்கணும். காற்று கலப்பதற்கு அது மாற்று. ஒவ்வொன்றுக்கும் 20 செ.மீ. மேலே மூடி போட்ட 100 வாட் குண்டு பல்பு, கோழிக்குஞ்சுக்கு மாட்டுவார்களே அது. எல்.இ.டி. சூடு தராது. அரை மணி எரியவிட்டு, அரை மணி அணைத்து வையுங்கள், மின்விசிறி கூடாது. மணல் மேல்பரப்பு 10 டிகிரிக்கு மேல் ஏறி மளமளவென்று இறங்கும். தண்ணீர் இரண்டு மூன்று டிகிரியோடு நிற்கும்.

வெப்பநிலை அளக்கும் சென்சார் டிஎஸ்18பி20, இரும்புக் குழாய் போட்டது. மணலில் படுக்கையாக வையுங்கள். செங்குத்தாகக் குத்தினால் குழாய் வழியாகவே சூடு இறங்கி அளவு பொய்யாகும். முதல் சென்சாருக்கு மேல் 3 மி.மீ. மணல் மூடணும், பல்பு வெளிச்சம் நேரே படக்கூடாது. இன்னொன்று 8 செ.மீ. ஆழத்தில். டேட்டா வயருக்கும் பவர் வயருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். திரையில் மைனஸ் 127 வந்தால் இணைப்பு விட்டுவிட்டது என்று பொருள். 85-லேயே நின்றால் இன்னும் அளக்கவே தொடங்கவில்லை.

8 செ.மீ. சும்மா சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பக்கம் மண்ணில் இறக்கிய சேஸ்ட் என்ற வெப்பநிலை அளக்கும் கருவி, மேலே 50 டிகிரிக்கு மேலும் 8 செ.மீ. அடியில் மைனஸ் 10-ம் காட்டியது. அந்த வரைபடத்தைப் பிள்ளைகள் எடுத்த அளவுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.