சந்திப்புகளில் குறுக்கே பாயும் வண்டிகளிடமிருந்து தப்புவது எப்படி? ஆலோசனை வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். கோவையில் தினமும் காரில் வேலைக்குச் சென்று வருகிறேன். கடந்த வாரம் சிக்னலில் பச்சை விழுந்து நான் வண்டியை நகர்த்தியபோது, வலப்பக்கம் நின்றிருந்த பேருந்தின் மறைவிலிருந்து ஒரு சரக்கு வேன் சிவப்பு விளக்கை மதிக்காமல் பாய்ந்து வந்து, என் பம்பருக்கு ஒரு முழத் தூரத்தில் கடந்து சென்றது. நான் பிரேக்கை அழுத்திய வேகத்தில், பின் இருக்கையில் இருந்த மகளின் தண்ணீர் பாட்டில் உருண்டு என் காலடிக்கு வந்தது. அது பிரேக்கின் அடியில் சிக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

அன்று முதல் பச்சை விழுந்த பிறகும் இரண்டு நொடி பொறுத்து, வலம், இடம், மீண்டும் வலம் பார்த்தே புறப்படுகிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும் என்பதால், சிக்னல் இல்லாத சந்திப்புகளில் வேகத்தை 20க்குக் குறைத்து, பிரேக்கின் மேல் காலைத் தயாராக வைத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் இரண்டு சிக்கல்கள் தீரவில்லை. நான் பொறுத்து நிற்கும் அந்த இரண்டு நொடிக்குள் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்து நெருக்குகிறார்கள். அவர்கள் என் மீது மோதாதபடி எப்படி நிதானிப்பது? முன்கண்ணாடியின் ஓரத்தூண் ஒரு பைக்கையே முழுவதுமாக மறைத்துவிடுகிறது. தலையைச் சற்று முன்னே சாய்த்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா? நீண்ட காலம் பேருந்தோ லாரியோ ஓட்டியவர்கள் தங்கள் பழக்கத்தை விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.