எங்கட வீடு குழு: பெரியப்பாவின்ர கார்ட்

புதன், பி.ப. 7:08

ரவிச் சித்தப்பா: பிரஸ்காரன் திரும்பவும் எடுத்தவன். பெரியப்பாவின்ர நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்துக்கு மேற்றர் வெள்ளி பின்னேரத்துக்குள்ள வேணுமாம். ஞாயிறு அவரின்ர 31ஆம் நாள். வம்சாவழி ஆரிட்ட இருக்கு?

லலி அக்கா: பெரியப்பாட்டதான். வானதி, அப்பாவின்ர அந்தச் சின்னக் கொம்பியூட்டருக்குள்ள

ரவிச் சித்தப்பா: பேப்பரில ஒண்டும் இல்லையோ

வானதி: இல்லை சித்தப்பா. எல்லாம் அந்த எச்பி 200எல்எக்ஸ்தான். அலுமாரியில இருந்து எடுத்திட்டன். பற்றரி ரெண்டும் கசிஞ்சு பச்சையாப் பிடிச்சிருந்தது, நேற்றே கழட்டி எறிஞ்சிட்டன். பக்கத்தில ஒரு கார்ட் செருகி இருக்கு. அதை இழுத்து லாப்டொப்பில போடலாமோ?

கோபி அண்ணா: வேண்டாம்

கோபி அண்ணா: இழுக்காதே

கோபி அண்ணா: கார்டின்ர வெளி ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பு

சுதன்: டொரன்டோவில கோபி மச்சான் முழிச்சிட்டான். எல்லாரும் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ

வானதி: (படம்) நுனியில ஒரு குட்டி சுவிட்ச். பக்கத்தில பற்றரிப் பெட்டி மாதிரி ஒண்டு. அப்பாவின்ர கையெழுத்தில "1 எம்பி எஸ்ராம்" எண்டு ஒட்டியிருக்கு

கோபி அண்ணா: அப்ப வடிவாக் கேள். இது பென் டிரைவ் மாதிரிச் சாமான் இல்லை. எஸ்ராம் கார்டுக்குள்ள எழுதினது கரண்ட் இருக்கும் வரைக்கும்தான் நிக்கும். மெஷின் ஓனில இருக்கேக்க மெஷின் குடுக்கும், மற்ற நேரம் கார்டுக்குள்ள இருக்கிற பட்டன் பற்றரி தாங்கும். மெஷின் செத்துக் கிடக்கிறபடியா இப்ப அந்தப் பட்டன் பற்றரி மட்டும்தான் பெரியப்பாவின்ர எழுத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. அதை ஆராவது துடைப்பம் எண்டு வெளிய எடுத்தா முடிஞ்சுது. ரிக்கவரி சொஃப்ட்வேர் ஒண்டும் உதவாது, ஏனெண்டா அழிஞ்ச தடயம்கூட மிஞ்சாது.

வானதி: ஐயோ

சின்ன மாமி: வடைக்கு எத்தினை பேர் எண்டு ஆரும் சொல்லேல்ல

லலி அக்கா: 120 மாமி

சின்ன மாமி: போன முறையும் 120 எண்டுதான் சொன்னது. 160 வந்தது. பாயசத்துக்குத் தண்ணி ஊத்தினது ஆர் எண்டு எனக்குத் தெரியும்

ரவிச் சித்தப்பா: அது 2011. விடு

கோபி அண்ணா: வானதி, முதல்ல பற்றரி வைக்கிற இடத்தைத் துப்பரவாக்கு. காது குடையிற பஞ்சுக் குச்சியில கொஞ்சம் வினாகிரி தொட்டு, பச்சை பிடிச்ச தகடுகளில மட்டும் தேய். அல்கலைன் பற்றரியில கசியிறது காரம், அதுதான் புளி வேணும். பிறகு ஸ்பிரிட்டால துடைச்சு அரை மணித்தியாலம் காய விடு. புது ஏஏ அல்கலைன் ரெண்டு. சார்ஜ் பண்ணுற பற்றரி போடாதே, அது 1.2 வோல்ட், செட்டப்பில வகையை மாத்தாட்டில் சும்மா சும்மா "லோ" எண்டு கத்தும்.

சுதன்: ப்ளூடூத்தால எடுக்கேலாதோ மச்சான் 😁

கோபி அண்ணா: இது 1994இல வந்த மெஷின்டா

சுதன்: என்னைவிட மூத்தது. மரியாதை

ரவிச் சித்தப்பா: வயர் போட்டு?

கோபி அண்ணா: இருக்கு சித்தப்பா, ஆனா அதுக்கு எச்பியின்ர தனி சீரியல் வயர், மெஷின் பக்கம் 10 ஊசி. மற்றப் பக்கத்துக்கு வானதியின்ர லாப்டொப்பில துளையே இல்லை. இந்தக் கார்ட் போற பிசிஎம்சிஐஏ துளையும் இப்பத்தைய லாப்டொப்புகளில இல்லை. பழைய லாப்டொப் தேடிப் பிடிச்சாலும் விண்டோஸ் எஸ்ராம் கார்டைக் கண்டு முழிக்கும். நல்ல வழி மெஷினையே வேலை வாங்கிறதுதான். கார்ட் ஏ: டிரைவ். மெஷினுக்குள்ள இருக்கிற நினைவகத்தில ஒரு பங்கு சி: டிரைவ். துளை ஒண்டுதான் எண்டபடியா ஏ:இல இருந்து சி:க்கு காப்பி, பிறகு எஸ்ராமை எடுத்திட்டு அதே துளைக்குள்ள கொம்பக்ட் ஃபிளாஷ், சி:இல இருந்து திரும்ப ஏ:க்கு காப்பி. அந்த ஃபிளாஷ் கார்டை யூஎஸ்பி ரீடரால லாப்டொப் வாசிக்கும்.

லலி அக்கா: அரைவாசிதான் விளங்கினது

கோபி அண்ணா: ரெண்டு அறைக்கு ஒரு கதவு. முதல் ஆளின்ர சாமானை உள்ள இறக்கி வச்சிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடலாம்

வானதி: சி:இல இடம் காணுமோ?

கோபி அண்ணா: மூடியில எத்தினை எம்பி எண்டு இருக்கு?

வானதி: 2

கோபி அண்ணா: காணும். 2048 கேபி. மெஷினை ஓட்டுற டொஸ்ஸுக்கு முழுசா 640 குடுத்தாலும் 1408 மிஞ்சும். கார்டில ஆகக் கூடினது 1024. 1 எம்பி மொடல் எண்டா துண்டு துண்டாத்தான் எடுத்திருக்கோணும்.

ரவிச் சித்தப்பா: ஃபிளாஷ் கார்டுக்கு எங்க போறது

கோபி அண்ணா: பெரியப்பாட்ட கட்டாயம் அடப்டர் இருக்கும். கார்ட் அளவில ஒரு தகடு, நுனியில சதுரப் பள்ளம். நெஸ்டமோல்ட் டின்னுக்குள்ள பார். கார்ட், சித்தப்பாவின்ர பழைய கமராவில இருக்குமே?

ரவிச் சித்தப்பா: இருக்கு. 128 எம்பி

கோபி அண்ணா: அருமை. பெரிசு தேவையில்லை. 2 ஜிபி கார்டில எஃப்ஏடி16 (ஃபைல் அடுக்கிற முறை) போட்டா ரெண்டு வரி மெமோகூட 32 கேபி பிடிக்கும். 128 எம்பிக்கு மேல போகாட்டில் 2 கேபியோட முடியும். லாப்டொப்பில ஃபோர்மட் பண்ணேக்க எஃப்ஏடி எண்டதைத் தெரிவு செய், எஃப்ஏடி32 இல்லை. உள்ளுக்க ஓடுறது டொஸ் 5, அதுக்கு 32 தெரியாது.

ரவிச் சித்தப்பா: அதுக்குள்ள கலியாணப் படங்கள் கிடக்கு

லலி அக்கா: அப்பா முதல்ல அதை எடுங்கோ!! என்ர கலியாணம்

சின்ன மாமி: அந்தப் படத்தில நான் ஒண்டிலயும் இல்லை. பந்திக்குப் பின்னால நிண்டதுதான்

வியாழன், பி.ப. 5:40

சுதன்: யுனிட்டி பிளாசாவில நிக்கிறன். எஸ்டி 64 ஜிபி இருக்கு, புதுசு, எடுக்கவோ?

கோபி அண்ணா: வேண்டாம். பட்டன் பற்றரி மட்டும் வாங்கு. சிஆர்2032 ஒண்டு, சிஆர்2025 ஒண்டு

சுதன்: 2032 ரெண்டு வாங்கிட்டன். 2025 இல்லையாம். ரெண்டும் 3 வோல்ட்தானே

கோபி அண்ணா: வோல்ட் சரி. அகலமும் ஒண்டு, 20 மில்லிமீட்டர். தடிப்பு 3.2க்குப் பதிலா 2.5. அந்த 0.7ஐ நீ அமத்தினா கார்டின்ர பெட்டி பிளக்கும். 2032 மெஷினுக்குள்ள இருக்கிற காப்புப் பற்றரிக்கு. 2025 கார்டுக்கு.

சுதன்: பேலியகொடையில மீன் வாங்கிறது சுகம்

வானதி: அண்ணா, ஏஏ போட்டு ஓன் பண்ணினன். திரை வந்திட்டுது!! நேரம் பிழை. "கார்ட் பற்றரி லோ" எண்டு காட்டுது. சி: வெறுமையா இருக்கு

கோபி அண்ணா: சி: போனது 2032 எப்பவோ செத்தபடியா. கவலை இல்லை, அவர் எழுதினது கார்டில. ஏதாவது இனிஷியலைஸ், ஃபோர்மட் எண்டு கேட்டா இங்கிலீஷ் "என்" எழுத்தை அமத்து, அது நோ. "வை" எழுத்தைத் தொடாதே, அது யெஸ். முதல்ல கார்ட் நுனியில இருக்கிற சுவிட்சை ஊசியால மற்றப் பக்கம் தள்ளு. அது எழுத விடாத பூட்டு.

வானதி: தள்ளிட்டன்

கோபி அண்ணா: பிறகு ஃபைலரைத் திற. ஒரு பக்கம் ஏ:, மற்றப் பக்கம் சி:. ஏ:இல எல்லாத்தையும் தெரிஞ்செடுத்து காப்பி. போன்புக், மெமோ ஒண்டையும் திறந்து வச்சிராதே. இடைக்கிடை ஒரு கீயைத் தட்டு, இல்லாட்டில் தானா அணையும். மூடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திற, இந்த மொடலுக்குக் கீல் பக்கம் பிளாஸ்டிக் வெடிக்கிறதுதான் தீராத வருத்தம்.

சின்ன மாமி: 31க்கு முகத்துவாரம் போறது எத்தினை மணிக்கு

ரவிச் சித்தப்பா: ஐயர் 6 எண்டவர். 6 எண்டா 7

வானதி: 43 ஃபைல். சி:இலயும் 43. ஒரு மெமோவை சி:இல இருந்து திறந்து பார்த்தன், வாசிக்குது

கோபி அண்ணா: கெட்டிக்காரி. மெமோவை மூடு. மெஷினை ஓஃப் பண்ணு. இப்ப ரெண்டு இடத்தில இருக்கு, பயப்படாமல் கார்டை எடு. அடப்டரை நேரா உள்ளுக்கு விடு. ரெண்டு விளிம்பும் ஒரே மாதிரி இல்லை, பிழைப் பக்கம் எண்டா பாதியில நிக்கும். நிண்டா அமத்தாதே. உள்ள 68 ஊசி, ஒண்டு வளைஞ்சாலும் ஆரும் திருத்தித் தரமாட்டினம்.

பி.ப. 6:55

வானதி: வந்திட்டுது. லாப்டொப்பில இருக்கு 😭

ரவிச் சித்தப்பா: அப்பாடா

லலி அக்கா: 🙏🙏

வானதி: ஆனா வம்சாவழி ஃபைல் விசரா இருக்கு. பெயர்கள் சரி, இங்கிலீஷ் எழுத்தில தமிழ் அடிச்சிருக்கிறார். இடையில எல்லாம் ஏக்கு மேல ரெண்டு புள்ளி, குட்டி 3, அப்பிடி

கோபி அண்ணா: அது பிழை இல்லை, மரத்தின்ர கொப்பு. டொஸ் காலத்துக் கோடுகள். நோட்பேட் அதை எழுத்து எண்டு நினைக்குது. வேர்டில திற, எந்த எழுத்துமுறை எண்டு கேட்கேக்க எம்எஸ் டொஸ் எண்டதைக் குடு. எழுத்துருவை கூரியர் நியூ ஆக்கு, இல்லாட்டில் கோடுகள் ஒண்டோடொண்டு முட்டாது.

வானதி: ஓமோம்!! கோடெல்லாம் நேரா வந்திட்டுது

வானதி: (படம்)

ரவிச் சித்தப்பா: பெருப்பிச்சுப் பார்த்தன். செல்வம் அக்கா குடும்பமும் இருக்கு

சின்ன மாமி: எந்தச் செல்வம்

ரவிச் சித்தப்பா: எங்களுக்கு எத்தினை செல்வம்

லலி அக்கா: மாத்தளை ஆக்களோ? மூண்டு பிள்ளையளின்ர பெயரும் பேரப்பிள்ளையளும் போட்டிருக்கிறார்

சின்ன மாமி: அது பழைய லிஸ்டா இருக்கும். அவையோட சண்டைக்கு முந்தினது

சுதன்: அம்மா, சண்டை 1998. அந்தப் பேரப்பிள்ளை ஒண்டு இப்ப ஓ லெவல்

வானதி: ஃபைலில 2021 எண்டு இருக்கு. ஆனா மெஷினில நேரமே பிழையாத்தானே கிடந்தது?

கோபி அண்ணா: காப்பி பண்ணினா ஃபைலின்ர தேதி மாறாது. அவர் கடைசியாச் சேமிச்ச தேதி அது. கார்டிலயும் அதேதான் இருக்கும், பார்.

வானதி: ஓம், அதேதான்

சின்ன மாமி: எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல

ரவிச் சித்தப்பா: நாளைக்குப் பின்னேரம் பிரஸ்ஸுக்குப் போகேக்க பார்ப்பம். வானதி, முதல்ல எல்லாத்தையும் தமிழில அடி. அந்தப் பகுதியையும்தான். போடுறதோ இல்லையோ பிறகு

லலி அக்கா: அவையைக் கூப்பிடுறது எண்டா வடை 120 காணாது

சின்ன மாமி: 150 சொல்லு. வராட்டில் பக்கத்து வீடுகளுக்குக் குடுப்பம்

லலி அக்கா: சொல்லவோ?

சின்ன மாமி: 140

வானதி: அண்ணா, அப்பாவின்ர போன்புக் பிடிபி எண்டு இருக்கு, லாப்டொப் திறக்குதில்லை

கோபி அண்ணா: திறக்காது. திரும்ப மெஷினில போன்புக்கில திறந்து, பிரிண்ட் குடுக்கேக்க பிரிண்டருக்குப் பதிலா ஃபைலுக்கு எண்டு குடு, வெறும் எழுத்தா வரும். நாளைக்குச் செய். இண்டைக்கு எஸ்ராமைத் திருப்பி மெஷினுக்குள்ள செருகி வை. ஏஏயைக் கழட்டாதே. 2025 வந்தாப் பிறகு, கார்ட் உள்ள இருக்க, மெஷின் ஓனில இருக்கத்தான் மாத்தோணும்.

கோபி அண்ணா: சுதன், 2025 எடுத்தியோ?

சுதன்: கடை பூட்டிட்டான் மச்சான். நாளைக்கு புறக்கோட்டைப் பக்கம் பார்க்கிறன்

கோபி அண்ணா: 2025

சுதன்: ஓம் ஓம், 2.5 மில்லிமீட்டர்

ரவிச் சித்தப்பா: லலி, கலியாணப் படங்கள் நீ எடுத்தனியோ? வானதி கார்டை ஃபோர்மட் பண்ணினவளெல்லோ