ஊசியும் ட்யூப் லைட்டும் எந்த வண்டியில் போகும்?

தோட்டத்து வீடு, சத்தியமங்கலம் பக்கம்:

எங்கள் ஊராட்சியில் காலை ஏழரை மணிக்கு விசில் கேட்டால் தூய்மைக் காவலர் அக்கா வந்துவிட்டார் என்று அர்த்தம். மூன்று சக்கர வண்டியில் பச்சைத் தொட்டி ஒன்று, சிவப்புத் தொட்டி ஒன்று. மக்குவது பச்சையில், மக்காதது சிவப்பில். உண்மையைச் சொன்னால், தோட்டத்து வீடுகளில் பச்சைத் தொட்டிக்குப் பெரிய வேலை கிடையாது. மிஞ்சிய சோறு நாய்க்கு, காய்த்தோலும் கழுநீரும் மாட்டுக்கு, மற்றதெல்லாம் எருக்குழிக்கு. சிவப்புதான் நிரம்பி வழியும்.

போன ஐப்பசியில் ஒருநாள் அவர் விசில் ஊதவில்லை. வாசலில் வந்து நின்று வலது கையை நீட்டினார். ஆட்காட்டி விரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, மிளகு அளவுக்கு ரத்தம் உறைந்திருந்தது. இடது கையில் என் மாமனாரின் இன்சுலின் பேனா ஊசி, மூடி இல்லாமல்.

"அம்மணி, இது உங்கள் வீட்டுப் பையில் இருந்தது" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். இரவல் வாங்கிய கரண்டியைத் திருப்பித் தருகிறவர்போலச் சொன்னார்.

மாமனாருக்குக் காலையிலும் இரவிலும் ஊசி. மாதத்துக்கு அறுபது. நான் அவற்றைப் பழைய நாளிதழில் சுற்றி, கேரி பையில் போட்டு, முடிச்சுப் போட்டுக் கொடுத்துவந்தேன். சுற்றிக் கொடுத்ததோடு என் பொறுப்பு தீர்ந்தது என்ற நினைப்பு. அவர் போட்டிருந்த ரப்பர் கையுறை ஊசி முனைக்கு வெங்காயச் சருகு மாதிரி.

சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஸ்கூட்டரில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டி.டி. ஊசி போட்டார்கள். குத்தியது யாருடைய ஊசி என்று டாக்டர் கேட்டார். தெரிந்த ஆளின் ஊசி என்பது அதிர்ஷ்டம் என்றார். மாமனாருக்கும் ரத்தம் எடுத்து, கல்லீரல் கிருமி இருக்கிறதா, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்த்தார்கள். எதுவும் இல்லை. முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. அக்காவோ மறுநாள் ஏழரைக்கு விசில் ஊதிக்கொண்டு வந்தார். இதற்கு முன்பும் குத்தியிருக்கிறதா என்று கேட்டேன். எண்ணவில்லை என்று சிரித்தார்.

இப்போது ஊசிகளைக் கழிவறை கழுவும் திரவத்தின் காலிப் பாட்டிலில் போட்டு மூடி வைக்கிறேன். கெட்டி பிளாஸ்டிக், திருகு மூடி, ஊசி துளைக்காது. பாட்டில் நிரம்பிவிட்டது. அதே சுகாதார நிலையத்தில் கொடுக்கப் போனால், வெளியிலிருந்து வருவதை வாங்கினால் கணக்கு இடிக்கும் என்கிறார்கள். மருந்துக் கடையில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பாட்டில் பரணில் இருக்கிறது. உங்கள் ஊரில் இதையெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

கரிசல் சம்சாரி, விருதுநகர் மாவட்டம்:

ஊசி குத்தினால் உடனே தெரிந்துவிடும். மருந்து டப்பா அப்படியில்லை.

நாங்கள் பூச்சிமருந்தை மருந்து என்றுதான் சொல்வோம். பருத்திக்கு அடித்துவிட்டுக் காலி டப்பாக்களைக் கிணற்று மேட்டில் போட்டுவைப்பது வழக்கம். நாலைந்து வருடத்துக்கு முன்பு களையெடுக்க வந்த அம்மா ஒருவர், நல்ல கனமான ஐந்து லிட்டர் கேன் வீணாகக் கிடக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் அதே கேனில் குடிதண்ணீர் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். சிவப்பு முக்கோணம் பாதி உரிந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்துப் பாட்டிலில் சிவப்பு முக்கோணம் என்றால் இருப்பதிலேயே கொடிய நஞ்சு. தாவிப் போய்க் கேனைப் பிடுங்கினேன். "புளி போட்டுத் தேய்த்துக் கழுவியாயிற்று அய்யா, வாடையே இல்லை" என்கிறார். அவர் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்குப் புதுக் கேன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டார்; வேலைக்குச் சொம்பில்தான் தண்ணீர் கொண்டுவருகிறார்.

அன்றிலிருந்து டப்பா காலியானதும் மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி அடித்துவிடுகிறேன். பிறகு கடப்பாரையால் அடியில் இரண்டு ஓட்டை. ஓட்டைக் கேனை யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். 1971ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லி விதிகளில் டப்பாவை உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்று இருக்கிறது. தகர டப்பாவாக இருந்தால் இற்றுப்போகும், சரி. பிளாஸ்டிக்கைப் புதைத்தால் அடுத்த உழவில் டிராக்டர் கொழு அதை மேலே கொண்டுவந்து நம் கையில் கொடுக்கிறது. விற்ற கடையில் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டேன். அடுத்த விதைப்புக்கு என்ன வேண்டும் என்று பதில் வந்தது.

பழைய தராசு, வத்தலக்குண்டு:

முப்பது வருடம் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவன். காயலான் கடை என்பீர்கள். இப்போது மகன் பார்க்கிறான். குப்பை வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள். காசு பெறுகிற எதுவும் அந்த வண்டிக்குப் போவதில்லை. அட்டை, இரும்பு, பித்தளை, பால் கவர் எல்லாம் எங்களிடம் வந்துவிடும். பத்துப் பைசா பெறாததும், பெற்றாலும் ஆளைக் கடிக்கக்கூடியதும்தான் அந்த அக்காவின் தலையில் விழுகிறது.

கடித்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது பேட்டரி. இன்வெர்ட்டர் பேட்டரி, டிராக்டர் பேட்டரி, உள்ளே இருக்கும் ஈயத்துக்குத்தான் விலை. ஆசிட்டோடு அனுப்பினால் மேலே வாங்குகிற வியாபாரி அந்த எடையைக் கழித்துவிடுவார். அதனால் கடைக்குப் பின்னால் சாய்த்து ஊற்றிவிட்டு அனுப்புவோம். என்னிடம் ஓட்டையில்லாத வேட்டி இருந்ததில்லை. சலவைக்காரர்தான் கிழிக்கிறார் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். பின்பக்கம் நின்ற வேப்பமரம் ஒரு கோடையில் பட்டுப்போனது. வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். வேம்பு வெயிலுக்குப் பட்டுப்போகுமா? சொல்கிறபோதே தெரியும். இப்போது பழையதைக் கொடுத்தால் புதுப் பேட்டரியில் விலை குறைக்கிறார்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் தயாரிப்பவரையே பொறுப்பாக்குகின்றன. எங்கள் கடைக்கு வரத்துக் குறைந்துவிட்டது. மகனுக்கு வருத்தம், எனக்கு இல்லை.

இரண்டாவது பாதரசம். அந்தக் காலத்தில் கொடைக்கானலிலிருந்து இறங்கும் சரக்கை நானும் எடுப்பேன். மேலே ஒரு கடையில் கிண்ணத்தில் கொஞ்சம் பாதரசம் வைத்திருந்தார்கள், வேடிக்கைக்காக. உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டேன். கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். கையைக் கீழே இழுக்கிற கனம். விரலால் தட்டினால் நூறாகச் சிதறி, கையைக் குவித்தால் ஒன்றாகிவிடும். குழந்தைக்குக் காட்டலாம் என்று ஒரு மாத்திரைப் புட்டியில் கேட்டேன். நல்லவேளை, அவர் தரவில்லை.

2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் பாதரசத்தோடு கிடந்தது வெளியே வந்தது. பத்திரிகையில் எல்லாம் வந்தது. தொழிற்சாலையை மூடினார்கள். 2003இல் கிட்டத்தட்ட 290 டன் பாதரசக் கழிவை அள்ளி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். செய்தி படித்த அன்று நான் செய்த முதல் காரியம் கையை முகர்ந்து பார்த்தது. பாதரசத்துக்கு வாடையே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு ட்யூப் லைட்டை வாங்குவதில்லை. அதிலும் பாதரசம் உண்டு, துளிதான். முன்பெல்லாம் இரண்டு முனையிலும் உள்ள அலுமினிய மூடிக்காகப் பையன்கள் குழாயைத் தரையில் அடித்து உடைப்பார்கள். டப்பென்று வெடிக்கும், வெள்ளைப் பொடி பறக்கும். தீபாவளி மாதிரி அதற்குக் கூட்டம் சேரும். சோக்கை மட்டும் கொண்டுவாருங்கள், அதில் செம்பு இருக்கிறது; குழாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால், எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இல்லாததால் எடைக்கல்லை எடுத்துத் துடைப்பேன்.

கூடலூர் மழை:

எங்கள் நீலகிரியில் ஒரு காட்சி. 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்த ஏற்பாடு. எங்கள் எஸ்டேட் வழியில் வீட்டுக்குப் போகும் வழி மறந்துபோகும் அளவுக்கு ஏற்றிக்கொண்ட மனிதர்கூடக் காலிப் பாட்டிலை மார்போடு அணைத்துத் திரும்ப நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களைக் கேளுங்கள், செருப்புக்குள் கண்ணாடி ஏறுவது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்வார்கள். ட்யூப் லைட்டுக்கும் பத்து ரூபாய் வைத்துப் பாருங்கள். விழிப்புணர்வுப் பேரணியில் எனக்கு நம்பிக்கை இல்லை, பத்து ரூபாயில் இருக்கிறது.

நடுக்கல்லூர்ப் பக்கம், நெல்லை:

2024 டிசம்பரில் எங்கள் பக்கம் செய்தியில் அடிபட்டது நினைவிருக்கும். கேரளத்திலிருந்து மருத்துவமனைக் கழிவைக் கொண்டுவந்து கொடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கொட்டியிருந்தார்கள். ஆடு மேய்க்கப் போகிற இடம். குளுக்கோஸ் குழாய், கையுறை, சிரிஞ்சு, நடுவில் நோயாளிகளின் சீட்டுகள். அந்தச் சீட்டுகள்தான் காட்டிக்கொடுத்தன. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிப் போனார்கள். பெயரும் ஊரும் எழுதிய தாள் இருந்ததால் அந்தக் குப்பை வீடு திரும்பியது. எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் கிடக்கும் டயப்பருக்கும் ஊசிக்கும் முகவரி இல்லை. அவற்றைக் கொட்டியவர்கள் பக்கத்து மாநிலத்தவர்கள் அல்ல என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முன்னாள் வார்டு உறுப்பினர்:

எங்கள் ஊராட்சிக் குப்பைக் கூடத்தில் ஒரு மூலையில் பழைய யூரியா சாக்கு ஒன்று உண்டு. சாக்பீஸால் அதன்மேல் "ஆபத்து" என்று எழுதியவன் நான்தான். ட்யூப் லைட், சி.எப்.எல். பல்பு, காலாவதியான மாத்திரை, ரிமோட் செல், பெயிண்ட் டப்பா எல்லாம் அதில். சாக்கு நிறைந்தது, என் பதவிக்காலமும் முடிந்தது. சாக்கு அங்கேயே இருக்கிறது.

கேட்காத கதவு இல்லை. 2016 திடக்கழிவு விதிகளைத் தேடிப் படித்தேன். வீட்டு அபாயக் கழிவுக்கென இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்று அழகாக எழுதியிருந்தது. இரண்டாவது தடவை படித்தபோதுதான் கண்ணில் பட்டது, அது நகரங்களுக்குச் சொன்னது. எங்கள் ஊராட்சியில் நான்கு குக்கிராமங்கள், ஒரு குளம், ஒரு கரடு. நகரத்தாருக்குத்தான் பாதரசம் விஷம் போலிருக்கிறது.

சத்தி சகோதரிக்கு: கணக்கு இடிக்கிறது என்று நர்ஸ் சொல்வது பொய்யல்ல. அவர்களிடமிருந்து எடுத்துப் போகும் நிறுவனம் எடை பார்த்துத்தான் எடுக்கும். மருத்துவ அலுவலரிடம் நேரே பேசுங்கள். மனுவாக எழுதாதீர்கள், மனு என்றால் மேலே அனுப்பியாக வேண்டும், மேலே போனது திரும்பி வராது. பாட்டிலைக் கையில் எடுத்துப் போங்கள்.

தோட்டத்து வீடு, சத்தியமங்கலம் பக்கம்:

வார்டு உறுப்பினர் அய்யா சொன்னபடி பாட்டிலோடு போனேன். கூடவே அக்காவையும் அழைத்துப் போனேன், விரலோடு. மருத்துவ அலுவலர் சின்ன வயதுப் பெண். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார், சோழி மாதிரிச் சத்தம் வந்தது. மாதம் ஒருமுறை கொண்டுவாருங்கள், நிலையத்து ஊசிகளோடு சேர்த்துவிடுகிறேன், ஊர் முழுக்கச் சொல்லிவிடாதீர்கள் என்றார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் வரிசையில் மட்டும் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் நாலு பேர். பேசிப் பார்த்த பிறகுதான் அதுவும் தெரிந்தது.

அக்கா இப்போது வண்டியின் கைப்பிடியில் ஒரு கெட்டிக் கேனைக் கம்பியால் கட்டியிருக்கிறார். ஏழரைக்கு விசில் ஊதி, அந்த நாலு வீட்டு வாசலில் மட்டும் கேனை ஒரு தட்டுத் தட்டுகிறார். கரிசல் அய்யா கேட்டால் சந்தோஷப்படுவார்: கேனை வாங்கிக் கட்டுவதற்கு முன் அது எதன் கேன் என்று விசாரித்துவிட்டேன். கடலை எண்ணெய்க் கேன்தான்.

ட்யூப் லைட் இரண்டு இன்னும் பரணில்தான் இருக்கின்றன.