டர்னர் முடித்த தம்பிக்கு அடுத்து என்ன?

வணக்கம். தம்பி ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட டர்னர் (கடைசல் வேலை) படிப்பு முடித்துவிட்டு, கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறான். கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் சி.என்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்) பக்கம் போனால் ஜாப் (கடைய வேண்டிய பீஸ்) மாட்டிக் கழற்றுவதோடு சரி, புரோகிராமைத் தொட விடமாட்டார்கள்.

போன மாதம் 50 மி.மீ. போர் (துளை) ஒன்று, எச்7 ஃபிட். அதாவது அளவு கூடிப்போக மொத்தமே 25 மைக்ரான்தான் (மி.மீ.யில் ஆயிரத்தில் 25 பங்கு) இடம். கடைந்த சூட்டோடு அளந்து சரியென்று எடுத்து வைத்திருக்கிறான். ஆறியதும் துளை சுருங்கி, அளவு பார்க்கும் கேஜ் உள்ளே போகவில்லை. நான்கு பீஸ் ரிஜெக்ட், நல்ல திட்டு. அன்றிலிருந்து முறையாகப் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

மூன்று வருட டூல் அண்ட் டை (கருவி, அச்சு செய்யும் தொழில்) டிப்ளமோ சேரலாமா, இல்லை வேலையை விடாமல் மாலை வகுப்பில் சி.என்.சி. புரோகிராமிங் படித்தால் போதுமா? மூன்று வருடம் சம்பளம் இல்லாமல் சமாளிப்பது எங்கள் வீட்டில் கஷ்டம். குறுகிய கால வகுப்புகளில் சிமுலேட்டரை மட்டும் காட்டி அனுப்பிவிடுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். ஃபேனக் கன்ட்ரோல் (சி.என்.சி.யை இயக்கும் ஒரு கம்பெனியின் கன்ட்ரோலர்) மெஷினில் ஆஃப்செட் (டூலுக்கான அளவுத் திருத்தம்) போட்டு, நிஜமாகவே கடைய விடும் இடம் கோவை, திருப்பூர் பக்கம் இருக்கிறதா? அப்புறம், அளவை வேலையும் (சி.எம்.எம். என்ற, பீஸைத் தொட்டு அளக்கும் மெஷின்) சேர்த்துக் கற்றால் நல்லதா? இந்தத் தொழிலில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் சொன்னால் உதவியாக இருக்கும்.