ஜப்பானில் கடை, வங்கி கவுன்டர்களில் உங்களுக்கு உறுத்திய ஒரு நிகழ்ச்சி எது?

நிஷிகசாய் குடித்தனம்:
சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் புதிதில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை. சோபா நூடுல்ஸ் கடை. "கறி, மீன், முட்டை இல்லாமல் எது இருக்கிறது?" என்று கேட்டதும் பணிப்பெண் உள்ளே போய் லேமினேட் செய்த அலர்ஜி அட்டையை எடுத்து வந்தார். மேசைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கட்டம் கட்டமாக விரல் வைத்துக் காட்டினார். முட்டை இல்லை, பால் இல்லை, இறால் இல்லை. அவ்வளவு அக்கறை. கிண்ணம் வந்தால் சாறு முழுக்க கத்சுவோ மீன் வாசனை.

அட்டை பொய் சொல்லவில்லை. பொட்டல உணவுக்கான அரசாங்கப் பட்டியலைத்தான் கடைகள் அப்படியே அட்டையில் போடுகின்றன. இறால், நண்டு, கோதுமை, முட்டை, பால் எல்லாம் கட்டாயம். வால்நட்டைக்கூட 2023-இல் சேர்த்தார்கள். மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின், கானாங்கெளுத்தி ஆகியவை சிபாரிசுப் பட்டியலில். கத்சுவோ, அதாவது நம்ம சூரை மீன், இரண்டிலுமே இல்லை. அட்டை சுத்தமாக இருந்தால் சைவம் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள்.

நகோயா தம்பி:
அக்கா, அட்டை வந்ததுமே பேச்சு அலர்ஜிப் பக்கம் திரும்பிடுச்சு. "தாஷி எதுல போடுறீங்க?"ன்னு நேரா கேட்கணும். தாஷின்னா சாறுக்கு அடிப்படையான வடிநீர். சமையல்காரர் ஒரே வார்த்தையில சொல்லிடுவார். சோபா, உடோன் கடையில சூடான சாறு, தொட்டுக்கிற த்சுயு ரெண்டுமே பெரும்பாலும் கத்சுவோதான். ஆறவெச்ச ஜாரு சோபா வாங்கினாலும் தப்ப முடியாது. கொம்பு கடற்பாசி தாஷி மட்டும் வேணும்னா ஷோஜின் ரியோரிங்கிற புத்த மடத்துச் சைவச் சாப்பாடு போடுற கோயில், இல்லன்னா அதுக்கான கடை.

எதை எடுத்துத் தருவாங்க, எதுக்குக் கையை விரிப்பாங்கன்னு ஒரு கணக்கு இருக்கு. கடைசியா மேல வைக்கிறது எதுவா இருந்தாலும் 'நுகி' (அது இல்லாம) சொன்னா போயிடும்: மயோனைஸ், வெங்காயத்தாள், வேகவைத்த முட்டை. மாவுலயும் சாஸ்லயும் கலந்தது போகாது. செயின் கடைகள்ல சாஸ் பெரும்பாலும் கலந்தே பையில வருது, கிளையில சூடு பண்றதோட சரி. முட்டை இல்லாம செஞ்சு தாங்கன்னு அரை மணி நேரம் கெஞ்சினாலும் அந்தப் பொண்ணால ஒண்ணும் செய்ய முடியாது.

கொன்பினியில (24 மணி நேரச் சின்னக் கடை) லேபிளைப் படிக்கிற முறை: பொருட்கள் எடை கூடினதுல இருந்து குறைஞ்சது வரைக்கும் வரிசையா இருக்கும். சாய்கோட்டுக்கு அப்புறம் வர்றது உணவுச் சேர்க்கைப் பொருட்கள். கடைசி அடைப்புக்குறிக்குள்ள அலர்ஜி. எல்லாரும் அடைப்புக்குறியை மட்டும் பார்த்துட்டு வெச்சிடுறாங்க. கோட்டுக்கு முன்னாடி 'எகிசு'ன்னு (பிழிசாறு, extract) முடியுற எல்லாத்தையும் பாருங்க: சிகின் (கோழி) எகிசு, போக்கு (பன்றி) எகிசு, கத்சுவோபுஷி எகிசு. உமே (ஊறுகாய்ப் பழம்) வெச்ச ஒனிகிரி சோற்று உருண்டையிலகூட சிலதுல கத்சுவோ இருக்கு.

கவாசாகி கணக்கன்:
சாப்பாட்டை விட்டு வங்கிக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. சைர்யூ கார்டிலும் (வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டை) பெயர் ஒரே வரி. வங்கிப் படிவத்திலோ குடும்பப் பெயர், பெயர் என இரண்டு கட்டம். கவுன்டரில் இருந்த அம்மா முத்திரை வைக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் லேசாக வட்டமிட்டு, ஸ்கேலை வைத்து வரியைக் காட்டினார். அத்தனை பதம். முதல் கட்டத்தைக் காலியாக விட மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது.

அன்று கத்தகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) பதிந்த பெயர்தான் இனி எல்லாவற்றுக்கும் மூலம். மின்சாரம், கேஸ், போன் எதற்குத் தானியங்கிக் கட்டணப் படிவம் அனுப்பினாலும் ஒரு எழுத்து மாறினால் திரும்பி வரும். 'கார்த்தி' என்பதில் நெடிலை நீட்டும் கோடு வங்கியில் இருந்து படிவத்தில் இல்லையென்றால்கூடப் போச்சு. வங்கிகளுக்கிடையே போகும் தகவலில் 'தெந்தென்', அதாவது எழுத்தின் மேல் போடும் இரண்டு சிறு கீறல், தனி எழுத்தாகக் கணக்கு. பெறுபவர் பெயருக்கு 30 இடம்தான். பாலசுப்ரமணியன் கத்தகானாவில் 9 எழுத்து, அங்கே 11 இடம் பிடிக்கும். கூட அப்பா பெயரும் நீளமாக இருந்தால் வால் வெட்டுப்படும். பாஸ்புக்கில் அச்சான பெயரை இடைவெளியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே எழுதுங்கள். அடித்துத் திருத்தினால் இரட்டைக் கோடு போட்டு மேலே அதே ஹான்கோ முத்திரை.

ஃபுகுவோகா மாமா:
இப்படித் தலையாட்டிட்டே இருந்தா அப்பா பெயர் என்ன, தாத்தா பெயரையும் எழுதச் சொல்லுவாங்க. மேனேஜரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சத்தமாப் பேசினாத்தான் வேலை நடக்கும்.

சைதாமா அக்கா:
மாமா, நடக்காது. சத்தம் போட்டால் மேனேஜர் வருவார், இன்னும் தாழக் குனிவார், பதில் அதேதான். டோக்கியோவில் 2025 ஏப்ரல் 1 முதல் வாடிக்கையாளர் தொல்லைக்கு எதிரான விதி அமலில் இருக்கிறது. தண்டனை இல்லை, ஆனால் ஒருவர் கத்தினால் சேவையை நிறுத்தக் கடைகளுக்கு இப்போது தைரியம் வந்திருக்கிறது. கத்துவதற்குப் பதிலாக "எந்தப் பேப்பர் கொண்டுவந்தால் முடியும்?" என்று கேளுங்கள். முடியாது என்று நிற்பவரும் இதற்குப் பதில் தேடத் தொடங்குவார். ஒப்பந்தத் தகராறு என்றால் 188, நுகர்வோர் உதவி எண்.

எனக்கு உறுத்துவது தபால். வங்கி அட்டை வரவில்லை என்று அலைந்தால், முகவரியில் ஆளைக் காணோம் என்று முத்திரை விழுந்து அனுப்பியவருக்கே போய்விட்டது. பெட்டியில் பெயர் ஒட்டவில்லை, அறை எண்ணும் விட்டுப்போயிருந்தது. அந்த உறை மறு முகவரிக்குப் போகாத வகை. வீடு மாறியிருந்தாலும் இதே கதி. ஆள் இல்லாமல் சீட்டு மட்டும் கிடந்தால் 7 நாள் வைத்திருப்பார்கள். யாமாதோ கூரியர் சீட்டில் மறு நேரம் கேட்கும்போது 12 முதல் 2 மணி தேடாதீர்கள். ஓட்டுநர்களின் சாப்பாட்டுக்காக 2017-இல் எடுத்துவிட்டார்கள்.

நகோயா தம்பி:
அக்கா, பெட்டியில பேரு ஆங்கிலத்துலயா கத்தகானாவுலயா?

சைதாமா அக்கா:
இரண்டும். கத்தகானா பாஸ்புக்கில் இருக்கிற அதே எழுத்து.